தொலைக்காட்சியில் என் முழங்கை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மட்டும் இருபத்தாறு பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஒருத்தர் கூட முகம் சுளிக்கவில்லை. பரிசோதனை நிலையத்தில் எனக்கு அந்தப் பெயர் உண்டு. வீட்டில்தான் ஒன்றும் இல்லை. கதவைத் திறந்ததும் வாலு போனைக் கையால் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். பெற்ற மகள், பதினாலு வயது. அந்தப் பக்கம் வேறு யார், அவள் சித்திதான். முக்கால் மணி நேரம் ஒரே சிரிப்பு. வெளியே வந்து என்னிடம் கேட்டது: "சாப்பாடு ஆயிடுச்சாம்மா?"

தங்கை ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மேட்ச்சுக்கு மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறாளாம். "வந்தா வாக்கா, உனக்குப் போரடிக்கும்." வந்தா வா! போகத்தான் போகிறேன்.

மார்ச் 5, வியாழன்

பந்துவீச்சுப் பயிற்சி மையத்தில் வாலுவுக்கு இடம் கிடைத்துவிட்டது. அது தங்கை வீட்டிலிருந்து நாலு தெரு. இங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். அதனால் பள்ளியையும் அங்கேயே மாற்றிக்கொண்டு சித்தியோடு இருப்பாளாம். சித்தி தனி ஆள், வீட்டில் இடம் நிறைய. எல்லாம் இரண்டு பேரும் பேசி முடித்தாயிற்று. பதின்மூன்றாம் தேதிக்குள் படிவத்தில் என் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். வாலுவின் அப்பாவைக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்று குளிக்கப் போய்விட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

மேட்ச் பார்த்தாயிற்று. மேட்ச்சா பார்த்தேன்?

ஓரத்து நாற்காலி எனக்கு. நடுவில் வாலு, அந்தப் பக்கம் தங்கை. வாலு உட்கார்ந்ததே சித்தி பக்கம் திரும்பித்தான். எனக்குத் தெரிந்தது அவளுடைய பின்னல் மட்டும், அதுவும் காலையில் நான் போட்டுவிட்டது. யார்க்கர் என்கிறார்கள், ஸ்லிப் என்கிறார்கள், ஒருவர் தொடையை ஒருவர் தட்டிக்கொள்கிறார்கள். "எதுக்கு எல்லாரும் இடம் மாறி நிக்கிறாங்க?" என்று கேட்டேன். "ஓவர் முடிஞ்சதும்மா." திரும்பாமலே பதில்.

சரி, நானும் கலந்துகொள்வோம் என்று, ஸ்டம்ப் பறந்ததும் எழுந்து நின்று கை வலிக்கத் தட்டினேன். "அம்மா! அவுட் ஆனது நம்ம ஆளு!" முன் வரிசையே திரும்பிப் பார்த்தது. தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும்.

அதன் பிறகு ஒரு சிக்ஸர். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்ததைப் பெரிய திரையில் காட்டினார்கள். பின் வரிசையிலிருந்த ஒரு அம்மா சொல்கிறார், "அம்மாவும் பொண்ணும் ஒரே ஜாடை, பாருங்களேன்." தங்கை காதில் விழுந்தது. வாலு காதிலும் விழுந்தது. ஒருத்தியாவது வாயைத் திறக்கணுமே! நான் என்ன, பை காவலுக்கு வந்தவளா?

மார்ச் 9, திங்கள்

வரவேற்பில் இருக்கும் பெண் போனை நீட்டினாள். "உங்க பொண்ணும் தங்கச்சியும் டிவியில வந்தாங்க! நீங்க போகலையா?" நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு முழங்கை. "இது நான்தான்" என்றேன். நாள் முழுக்க ஊரார் முழங்கையைப் பிடித்து நரம்பு தேடுகிறவள். என் முழங்கையைத் தெரியாதா எனக்கு?

படிவத்தை அலமாரியில் தலையணை உறைகளுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

"ஃபார்ம் எங்கம்மா?" "தேடணும்." — இப்படி ஒரு பொய்.

மார்ச் 12, வியாழன்

தங்கை வந்தாள். வீட்டுக்கு அல்ல, நேராக நான் வேலை செய்யும் இடத்துக்கு, வெறும் வயிற்றோடு. அலுவலகத்தில் ரத்தப் பரிசோதனை கேட்டிருக்கிறார்களாம். "இதுக்கா மூணு மணி நேரம் பஸ்ல வந்தே?" "நீ குத்தினாத்தான் வலிக்காது."

மேல்கையில் ரப்பர் பட்டியைக் கட்டினேன். கையை ஆட்டாதே என்றேன். ஊசி உள்ளே போனதும் வாய் தானாகக் கேட்டுவிட்டது. "என் பொண்ணை நீயே எடுத்துக்கப் போறியா?"

"ஊசியைக் குத்திட்டுக் கேக்குற கேள்வியாக்கா இது?"

ரத்தம் வரவில்லை. நரம்பு தப்பிவிட்டது. குழந்தைகளுக்கும் கிழவர்களுக்கும் ஒரே குத்தில் எடுப்பவள் நான், சொந்தத் தங்கை கையில் கோட்டை விட்டேன். ஊசியை உருவிவிட்டு மற்றக் கையை நீட்டச் சொன்னேன். "அந்தம்மா ஒரே ஜாடைன்னு சொன்னப்ப ஏன் சும்மா இருந்தே?"

மற்றக் கையை நீட்டினாள். "கேக்க நல்லா இருந்துச்சுக்கா. ஒரு நிமிஷம் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். தப்புதான்." பிறகு, "அவ பந்து போட்டு ஒரு நாளாவது பாத்திருக்கியா நீ?"

இல்லை. பந்தைத் தேய்த்துத் தேய்த்து அவள் பேன்ட்டில் ஏற்றிய சிவப்புக் கறையை எத்தனையோ தடவை துவைத்திருக்கிறேன். போடுவதைப் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை. இதே தங்கை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள். வாலு வளர்ந்த பிறகு எனக்குப் போன் செய்வதையே குறைத்துவிட்டாள். அப்படியென்றால் நான் யாரைப் பார்த்து வயிறு எரிகிறேன்? தங்கையையா, மகளையா? இரண்டு பேரையும்தான்.

மார்ச் 13, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுப் பள்ளி மைதானத்துக்குப் போனேன். வாலு பார்க்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி வந்து போடுகிறாள். மட்டை பிடித்திருந்த பெண் பின்னால் நகர்ந்தாள். பயந்துதான் நகர்ந்தாள், எனக்கே தெரிந்தது. பெருமையாக இருந்தது. இதைத் தங்கை எனக்கு முன்பே பார்த்துவிட்டாளே என்று எரிச்சலாகவும் இருந்தது.

கையெழுத்துப் போட்டு நானே பள்ளி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதுகாவலர் என்ற இடத்தில் தங்கை பெயரை எழுதும்போது பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்தேன்.

ஜூன் 1, திங்கள்

போய்விட்டாள். குளியலறையில் அவளுடைய சோப்பு இன்னும் ஈரமாக இருக்கிறது.

ஜூன் 21, ஞாயிறு

வாலு போன் செய்தாள். "அம்மா, சித்தி ரொம்ப மோசம்மா. எட்டு மணிக்கு மேல போனைப் பிடுங்கி வெச்சுக்கிறா. என் தட்டை நான்தான் கழுவணுமாம். நீ இப்படியா பண்ணுவே?" வயிற்றில் பாலை வார்த்தாள் என் தங்கம். குரலைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு, "சித்தி சொன்னா கேக்கணும்" என்றேன்.

அரை மணி நேரத்தில் தங்கை. "எப்படித்தான்கா சமாளிச்சே இவ்வளவு நாள்? எதுக்கெடுத்தாலும் 'எங்க அம்மா இப்படிப் பண்ண மாட்டாங்க'ன்னு ஆரம்பிக்கிறா உன் பொண்ணு. காது புளிச்சுப் போச்சு. நீ கொஞ்சம் சொல்லேன்."

"நான் பேசுறேன், நீ கவலைப்படாதே" என்று இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறேன். பேசவில்லை. இன்னும் இரண்டு நாள் போகட்டும்.