நீலமாகப் பூக்காத ஓர்தான்சியா

கார்த்திகை, செவ்வாய் இரவு. செமின் கிரனியே கிராமம்.

போன புயலில் பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவின் ஓர்தான்சியாச் செடி வேரோடு போய்விட்டது. இறந்துபோன அவள் புருஷன் நட்டது. கொத்துக் கொத்தாய் நீலமாகப் பூக்கும். புயலுக்கு முன்பே அவள் எனக்குக் கொடுத்த கிளை, இன்று என் தொட்டியில் முதல்முறையாகப் பூத்தது. ஆசையாகப் பார்க்க வந்தாள். பூவோ ரோஜா நிறம்.

"இது அவரு வச்ச செடி இல்ல, தம்பி," என்றாள். கண் கலங்கிவிட்டது.

"நீங்க ஒடிச்சுக் குடுத்த அதே கிளைதான், அக்கா."

தொட்டியில் நான் கடற்கரை மணல் கலந்திருந்தேன். மண்ணைப் பொறுத்து இந்தப் பூ நிறம் மாறும் என்பார்கள்; அதனால்தானோ? அவளிடமே கேட்டேன். வீட்டுக்குப் போனவள், சாயங்காலம் தன் வீட்டு மண்ணைக் கூடை நிறையக் கொண்டுவந்தாள்.

"இதுல ஒரு கிளைய வச்சுப் பாப்போம்."

என் செடியிலிருந்தே ஒரு கிளை ஒடித்து இருவருமாக நட்டோம். என்ன நிறம் வருமோ, இப்போதே பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.