பேய்க்குப் போட்ட உறை

இஞ்சேருங்கோ,

நான் வேலைக்குப் போறன். புட்டும் மீன்குழம்பும் மேசையில இருக்கு. முதல்ல சாப்பிடுங்கோ, பிறகு மிச்சத்தை வாசியுங்கோ.

நேற்று பாதர் வீடு மந்திரிச்சு ஆசீர்வதிக்க வந்தவரெல்லோ. நீங்கள் கூட்டாளிமாரோட தாயக்கட்டை உருட்டிக் கதை சொல்லி விளையாடுற விளையாட்டின்ர அந்தப் பழைய விதிப் புத்தகத்தின்ர அட்டையில கொம்பு வைச்ச பேய் நிக்குது. அவர் காணக்கூடாதெண்டு, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுறமாதிரி பிறவுண் பேப்பரில உறை போட்டு, கழண்டு போகாமல் பசையும் பூசினன். இண்டைக்கு உறையை உரிக்க, பேயும் சேர்ந்து வந்திட்டுது.

இனி அச்சடிக்க மாட்டினமெண்டு ஹம்பேர்க் வரைக்கும் போய்த் தேடி எடுத்தது, எனக்குத் தெரியும். ஏசுறதெண்டால் ஏசுங்கோ. கதைக்காமல் மட்டும் இருக்காதேங்கோ.

பிறேமா

கிழிஞ்ச பேயை எறியேல்லை. சுருக்கம் போகட்டுமெண்டு பைபிளுக்குள்ள வைச்சிருக்கிறன்.