நாம் திருப்பிப் படித்த ஜப்பான் புத்தகம்

இன்று காலை திண்டிவனம் பேருந்து நிலையத்தில் வறுத்த மல்லாட்டை வாங்கினேன். கடலையைத் தின்று முடித்து, பொட்டலத் தாளைப் பிரித்தேன். மங்கிய ரோஸ் நிறத் தாள். அதில் முகத்தில் பாதியை அடைத்த இரண்டு கண்கள். நான் வேலைக்குப் போகும் விழுப்புரம் பஸ் கிளம்பிப் போனதுகூடத் தெரியாமல் நின்றேன்.

மூன்று வருஷத்துக்கு முன் என் கல்லூரி விடுமுறையில், பழைய பேப்பர் கடையில் உன்னோடு பை ஒட்ட வந்தேன். வெளிநாட்டுப் பழைய பேப்பர்க் கட்டு ஒன்றிலிருந்து நீதான் இதே மாதிரி ரோஸ் தாள் புத்தகம் ஒன்றை உருவினாய். ஜப்பானில் பெண்பிள்ளைகள் படிக்கிற படக்கதை என்றார் கடைக்காரர். அன்று உன் உதடு கிழிந்திருந்தது. முந்தின நாள் உன் புருஷன் உன் முகத்தைக் கதவில் மோதியிருந்தான்.

நம் புத்தகங்களைத் திறப்பது போலவே திறந்தோம். முதலில் ஒருத்தி புருஷனுக்குச் சோறு போடுகிறாள். பிறகு அவன் அவளைக் கட்டிக்கொள்கிறான்; சுற்றிலும் பூக்கள். அதற்குப் பிறகு ஓங்கி அறைகிறான். கடைசிப் பக்கத்தில் அவள் மட்டும், சைக்கிளில், மலைச்சரிவில் பறக்கிறாள்.

"மொதல்ல கட்டிக்கினான், அப்பால அறையுறான். நம்ம ஊரு ஆம்பளதான்டி இவன்" என்று சிரித்தாய். உதட்டில் ரத்தம் கசிந்தது. "ஆனா பாரு, அவ போயிட்டா."

நான் பக்க எண்ணைப் பார்த்துவிட்டேன். ஒன்று என்ற எண் அந்தச் சைக்கிளுக்குக் கீழே இருந்தது; ஜப்பான்காரர்கள் வலமிருந்து இடமாகப் படிப்பார்கள், நாம் கடைசியிலிருந்து படித்திருந்தோம். அவர்கள் கதையில் சைக்கிள்காரி அறை வாங்குகிறாள், அறைந்தவன் மார்பிலேயே சாய்கிறாள், சோறு போட்டு முடிகிறாள். அடியைத்தான் காதல் என்று பூப்போட்டு வரைந்திருந்தார்கள்.

"இன்னாடி முழிக்கிற, காலேஜ்காரி?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

மறுவாரம் உன் புருஷன் பெல்ட்டை உருவியபோது, பசை கிளறும் கட்டையால் அவன் மணிக்கட்டில் போட்டாய். "நான் போறேன்டா!" தெருவே கேட்டது. ரயில்வே கேட் அருகில் உன் முடியைப் பிடித்து இழுத்தான். அவன் கையில் பேப்பர் வெட்டும் கத்தி. நான் ஓடிவந்து உன் கழுத்து வெட்டைத் தாவணியால் அழுத்தினேன். சூடாக நனைந்துகொண்டே இருந்தது.

"அவ போயிட்டா இல்ல?" என்றாய்.

"போயிட்டாடி."

வெட்டியது அவன்தான். ஆனாலும் அந்தக் கதை தலைகீழ் என்று நான் சொல்லியிருந்தால் நீ அன்று கிளம்பியிருப்பாயா என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். சொல்லியிருந்தால் அவன் வீட்டுக்குள்ளேயே அடித்துக் கொன்றிருப்பான் என்றும் தோன்றுகிறது.

போன வாரம் என்னைப் பெண் பார்க்க வந்தவன், காபி சிந்தியதற்காகத் தன் தங்கையைக் கூடத்திலேயே அறைந்தான். "கோவக்காரன்தான், ஆனா பாசமா வச்சிப்பான்" என்றாள் அம்மா. வேண்டாம் என்றேன். சபையில் நான் வாய் திறந்தது அதுதான் முதல்முறை.

பொட்டலத் தாளின் மூலையில் பக்க எண் இருந்தது. அதை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டேன். கண்கள் என் கைப்பையில் இருக்கின்றன.