இத்தாலி ஆடினால் வருவேன் என்றவன்

இஞ்சாருங்கோ,

எத்தனை தரம் கூப்பிட்டாலும் "ம்" என்று மட்டும் சொல்லும் என் அருமை மனிசனுக்கு,

நீங்கள் போய் இந்தக் கார்த்திகையோடு மூன்று வருடம். ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலைக்கு வந்து உங்கள் கல்லறைத் தலைமாட்டில் மெழுகுதிரி கொளுத்தினேன். மழைக் காற்றில் அது நிற்கவில்லை. சொல்ல வந்ததையும் அவ்வளவு சனத்துக்கு நடுவில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஊர் வாசித்தால் வாசிக்கட்டும். உங்கள் இத்தாலிப் பைத்தியம் எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் யாருக்குத் தெரியாது?

நீங்கள் முதலில் கேட்கப்போவது எது என்று எனக்குத் தெரியும். இல்லை, இந்த முறையும் இத்தாலி நேரே உலகக் கிண்ணத்துக்குப் போகவில்லை. நோர்வேக்காரனிடம் இரண்டு தரமும் தோற்றுவிட்டார்கள். பங்குனியில் இன்னும் ஆட்டம் இருக்கிறதாம். அதில் வென்றால்தான் ஆனியில் போகலாம். "அஞ்சாம் வகுப்புக்காரி, உனக்கு உதைபந்தில என்ன விளங்கும்?" என்று கேட்பீர்களே. எல்லாம் விளங்கித்தான் இருக்கிறது. நீங்கள்தான் இல்லை.

கலியாணம் கட்டின புதிதில் ஒருநாள் மீன் சுற்றி வந்த பேப்பரை விரித்துக் காட்டினீர்கள். நாற்பது வயது இத்தாலிக் கோல்காப்பாளன் ஒருவன் உலகக் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்திருந்தான். நீங்களும் ஊர் அணியின் கோல்காப்பாளன். "பார், இந்த வயசிலயும் நிக்கலாம்" என்றீர்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இத்தாலி. என்னைக் கொண்டு கொடியும் தைப்பித்தீர்கள். நான் நெடுக்காக வரவேண்டிய பட்டிகளைக் குறுக்காகத் தைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிரேசில் பைத்தியம் சந்தியாப்பிள்ளை அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதென்ன, புது நாடொண்டு கண்டுபிடிச்சிருக்கிறியளோ?" என்று சிரித்தார். நீங்கள் கொடியைத் திருப்பிக் கட்டினீர்கள். திருப்பிக் கட்டினால் இத்தாலி.

எங்கள் ஒரே பிள்ளை அன்ரன் அந்தக் கொடிக்குக் கீழேதான் வளர்ந்தான். இத்தாலி கிண்ணத்தை வென்ற அந்த வருடம் நீங்களும் அவனும் கட்டிப்பிடித்துக் குதித்ததைப் பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் அவனைக் கட்டிப்பிடித்ததை நான் பார்த்ததில்லை.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு அவன் இத்தாலிக்கே போனான். பலெர்மோ என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. புறப்பட்ட அன்றைக்கு அவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நீங்கள் பஸ் தரிப்பில் தள்ளி நின்றீர்கள். கடைசியில் சொன்னது இவ்வளவுதான்:

"அடுத்த உலகக் கிண்ணத்துக்கு வந்திடு."

"ஓம் அப்பா. இத்தாலி ஆடுற முதல் மச்சுக்கு இஞ்ச நிப்பன். கொடியை நான்தான் ஏத்துவன்."

இதில் என்ன பிழை இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இத்தாலி இல்லாத உலகக் கிண்ணம் ஒன்று வரும் என்று யார் நினைத்தது?

முதல் தரம் இத்தாலி உலகக் கிண்ணத்துக்குப் போனது, அன்ரனுக்கு விசாப் பேப்பர் கிடைத்திருக்கவில்லை. அடுத்த தரம் பேப்பர் கையில் இருந்தது, இத்தாலி போகவில்லை. சுவீடன்காரனுக்கு ஒரு கோல் அடிக்க முடியாமல் வீட்டோடு நின்றுவிட்டார்கள். அன்ரன் போன் எடுத்து, "அப்பா, நான் சும்மா வந்திட்டுப் போகட்டே?" என்று கேட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"சும்மா வந்து என்ன செய்யப் போறாய்? அடுத்ததுக்கு வா."

போனை வைத்துவிட்டு கிழிந்த மீன்வலையைப் பொத்தப் போய்விட்டீர்கள். அன்றைக்குப் பொத்தின வலையை மறுநாள் நான் பிரித்துப் பொத்தினேன். கண்ணிகள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

பிறகு அவர்கள் ஐரோப்பாக் கிண்ணத்தை வென்றார்கள். உங்களுக்குக் கால் நிலத்தில் இல்லை. "இந்த முறை விடாது. பெட்டியைக் கட்டச் சொல்லு அவனை" என்றீர்கள். அடுத்த பங்குனியில், எத்தனையோ ஊர் இருக்க, அன்ரன் இருக்கிற பலெர்மோவிலேயே அந்த ஆட்டம். அவன் மைதானத்துக்கே போயிருந்தான். வட மசிடோனியா என்று ஒரு சின்ன நாடு. ஆட்டம் முடிகிற நேரத்தில் தூரத்தில் இருந்து ஒரு அடி, அவ்வளவுதான். விடிந்த பிறகு அவன் போன் எடுத்ததை நான் மறக்க மாட்டேன்.

"அப்பா…"

"ம்."

"கடைசி நிமிசம் அப்பா."

"கோல்கீப்பர் என்ன செய்தவன்?"

"பாய்ஞ்சவன். எட்டேல்ல."

"பாய்ஞ்சவன் எண்டால் சரி. அவனைப் பேசாத."

பிறகு போன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இத்தாலி இல்லாத அந்த உலகக் கிண்ணம் தொடங்கிய கிழமையில்தான் உங்கள் நெஞ்சு நின்றது. அன்ரனால் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. யாரோ தூக்கிப் பிடித்த போனில்தான் உங்களைப் பார்த்தான். உதைபந்துக் கழகத்துப் பெடியள் உங்கள் பெட்டிக்கு மேல் இத்தாலிக் கொடியைப் போடக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. அது அவன் ஏற்ற வேண்டிய கொடி. சந்தியாப்பிள்ளை அண்ணை தன் பிரேசில் கொடியைத் தானாகவே இறக்கினார். அந்த முறை அவர் அதைத் திரும்ப ஏற்றவே இல்லை.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். அன்ரனின் மகள் றொசாலியா இப்போது பெண்பிள்ளைகள் அணியில் ஆடுகிறாள். உங்களைப் போல கோல் காக்கிறவள் இல்லை, கோல் அடிக்கிறவள். அவள் அடித்ததை நான் போனில் போட்டுக் காட்டாத வீடு இந்த ஒழுங்கையில் இல்லை. நோர்வேக்காரனிடம் தோற்ற அடுத்த நாள் அவள் போனில் வந்தாள்.

"அப்பம்மா, இத்தாலி தோத்துட்டுது."

"தோத்தால் தோக்கட்டும் பிள்ளை."

"அப்ப உங்களைப் பார்க்க ஏலாதோ? பங்குனியில வெண்டால்தான் ஊருக்குப் போறதாம். அப்பா சொன்னவர்."

அந்தப் பழைய கதையை அவன் தன் பிள்ளைக்கும் சொல்லி வைத்திருக்கிறான். "உன்ர கொப்பரிட்ட போனைக் குடு" என்றேன். அன்ரன் வாங்கினான்.

"பதினொரு பேரின்ர காலிலயோடா நீ வாறதும் வராததும் கிடக்குது? கொப்பர் வழி பார்த்துப் பார்த்துப் போய்ச் சேர்ந்திட்டார். இனி நானும் போகவேணுமோ?"

அவன் சொன்னான்: "அம்மா, அப்பா இல்லாத வீட்டுக்கு என்ன சாட்டுச் சொல்லி வாறது?"

"சாட்டு வேண்டாம். வா."

அவ்வளவுதான் சொன்னேன். இந்த மார்கழி, நத்தார்த் திருநாளுக்கு அன்ரன், மருமகள், பிள்ளை மூன்று பேரும் வருகிறார்கள். பங்குனிக்கு முன்பே வருகிறார்கள்.

சாட்டில்லாத வெறும் "வா" என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு காலம் எடுத்தது எனக்கு? நீங்கள் அவனிடம் இத்தாலி இத்தாலி என்று சொன்ன இடமெல்லாம், உங்களுக்கு வராமல் போன சொல் அதுதான் என்று இப்போது விளங்குகிறது. அவன் "சும்மா வந்திட்டுப் போகட்டே" என்று கேட்டதும் அந்தச் சொல்லைத்தான். உலகத்தின் எந்த மூலையிலோ நிற்கிற கோல்காப்பாளனைப் "பாய்ஞ்சவன் எண்டால் சரி" என்று விட்டீர்களே, சொந்தப் பிள்ளை உங்கள் பக்கம் பந்தை அடித்தபோது நீங்கள் ஏன் பாயவில்லை? எட்டாமல் போயிருந்தாலும் பரவாயில்லையே.

கோபத்தில் எழுதவில்லை. கவலையில் எழுதுகிறேன்.

அலுமாரியில் இருந்து கொடியை எடுத்து வெயில் வந்த ஒரு நாளில் காயப் போட்டேன். சந்தியாப்பிள்ளை அண்ணை வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, மார்கழியில உலகக் கிண்ணமோ?" என்றார். "ஓம், எங்கட வீட்டில" என்றேன். நத்தாருக்கு அன்ரன் அதை ஏற்றுவான். பங்குனியில் இத்தாலி வென்றாலும் தோற்றாலும் அதை இறக்க மாட்டேன்.

அவன் வந்த அன்றைக்கே சேமக்காலைக்கு உங்களிடம் கூட்டி வருவேன். இது என் வாக்கு. வந்தால் முதலில் இத்தாலி தோற்ற கதையைத்தான் தொடங்குவான், வேறு எதைத் தொடங்க அவனுக்குத் தெரியும்? "ம்" என்று கேட்டுக்கொண்டிருங்கோ. அவன் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிற வரைக்கும், இருட்டினாலும், வீட்டுக்கு வா என்று அவனைக் கூப்பிட மாட்டேன்.

கொடியைக் குறுக்காகத் தைத்த உங்கள் மனிசி,
அன்ரனின் அம்மா,
கோல் அடிக்கிற றொசாலியாவின் அப்பம்மா.