டோல்யா என்றதும் திரும்பிய பிள்ளை

மித்திலினி, கிரீஸ்,
அக்டோபர் 12

அன்பு மகன் ஸ்த்ராதிஸுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் சுகத்தில் பாதிதான் உண்மை, அதற்குக் காரணம் நீ. நீயும் லாரிஸாவும் குழந்தையும் ரஷ்யாவின் அந்தக் குளிர் ஊரில் நன்றாயிருக்க வேண்டும் என்று இவ்வளவு கோபத்திலும் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். நான் போனை எடுப்பதில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டாயாம். உன் முகத்தைப் பார்த்தால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் குழந்தை தரையில் உட்கார்ந்து கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தான், நான் "நிகிஃபோரோஸ், டேய் நிகிஃபோரோஸ், தாத்தாவப் பாருடா" என்று தொண்டை வற்றக் கூப்பிட்டேன், அவன் அசையவில்லை. பின்னாலிருந்து உன் மாமியார் ஒரே ஒரு தரம் "டோல்யா" என்றாள், வெடுக்கென்று திரும்பிச் சிரித்தான். ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்து உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் தலை நிமிராமல் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவள், எதையோ மறைக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? ஞானஸ்நானம் முடிந்த அன்று "எல்லாம் நம்ம முறைப்படிதாம்ப்பா நடந்துச்சு, கவலப்படாதீங்க" என்றாயே, அந்த வார்த்தையை எட்டு மாதம் நம்பினேன். அன்றைக்குக் காபிக்கடையில் எல்லோருக்கும் ஊசோ சாராயம் ஊற்றச் சொல்லி, "என் பேரு வந்துடுச்சு, இனி நான் நிம்மதியா சாகலாம்" என்று கூத்தாடினேன். இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது, பக்கத்துக் கடை பந்தெலிஸ் "என்னப்பா, உன் பேரனுக்கு இங்க ஒரு பேரு, அங்க ஒரு பேரா?" என்று கேட்டுச் சிரிக்கிறான்.

மூத்த பிள்ளைக்கு அப்பாவின் அப்பா பெயர், இதை உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் குடும்பக் கல்லறையில் நிகிஃபோரோஸ், ஸ்த்ராதிஸ், நிகிஃபோரோஸ், ஸ்த்ராதிஸ் என்று மாறி மாறித்தான் வெட்டியிருக்கிறது, உன் பெயரும் அப்படி வந்ததுதான். என் பெயருக்கு வெற்றியைக் கொண்டு வருபவன் என்று அர்த்தம். காலமெல்லாம் சவரக்கத்தி பிடித்தவன் என்ன வெற்றியைக் கொண்டு வந்தேன், உன்னைத்தான் அந்த வெற்றி என்று நினைத்திருந்தேன். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னால் லாரிஸாவின் அப்பா போய்விட்டார், அவள் அழுதாள், நீ அனதோலி என்ற அவர் பெயரை வைக்கச் சம்மதித்தாய், எல்லாம் அம்மா இப்போது சொன்னாள். அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு வாரம் சண்டை போட்டிருப்பேன், பிறகு சரி என்றிருப்பேன். நீ என்னை ஏமாற்றியதைத்தான் தாங்க முடியவில்லை.

தாடி ஓரம் கத்தரிக்க வந்த நம் கோயில் பாதிரியாரிடம் புலம்பினேன். அவர் "அனதோலியோஸ் நம்ம பேருதாம்ப்பா, சூரியன் உதிக்கிற பக்கத்துக்காரன்னு அர்த்தம். ரஷ்யாக்காரங்க வேதத்தோட சேத்து நம்மகிட்டருந்து கொண்டுபோயி அனதோலின்னு ஆக்கி, சுருக்கி டோல்யாங்கறாங்க" என்றார். சூரியன் உதிக்கும் அந்த எதிர்க்கரையிலிருந்துதான், துருக்கியிலிருந்து நம் ஆட்களை விரட்டியபோது, என் அம்மாவை ஆறு வயதில் படகில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்கள், சாகும்வரை அந்தக் கரையை அனதோலி என்றுதான் சொன்னாள். அவளை நினைத்து நீ இந்தப் பெயரை வைத்திருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்திருப்பேன். நீ நினைக்கவில்லை, எனக்குத் தெரியும்.

லாரிஸாவை ஒன்றும் சொல்லாதே, என்னிடம் பொய் சொன்னது அவளில்லை. குழந்தைக்குக் காது மூடுகிற மாதிரி தொப்பி போடு. அம்மா அத்திப்பழம் அனுப்புகிறாள், அவளோடு நான் இன்னும் பேசவில்லை, பொட்டலத்தில் முகவரி மட்டும் எழுதிக் கொடுத்தேன். கன்னி மாதா உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். நேற்று கடையில் ஆள் இல்லாதபோது கண்ணாடியைப் பார்த்து டோல்யா, டோல்யா என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன், நாக்கு பழகிவிட்டது, எரிச்சல் போகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போனை அவன் முன்னால் வை. நீ வாயைத் திறக்காதே. நான் கூப்பிட்டால் திரும்புகிறானா என்று பார்க்க வேண்டும்.

இந்தப் பெயரில் நம் வீட்டில் கையெழுத்துப் போடும் கடைசி ஆள்,
உன் அப்பா
நிகிஃபோரோஸ்