அக்கா நிறுத்திய மாத்திரை

அக்டோபர் 7, செவ்வாய்

வெலிங்டன் ஆபீசில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, தங்கமணி அக்காவோடு குன்னூரில் டாக்டர் ஜூடித்தைப் பார்த்தேன். இருவருக்கும் தைராய்டு குறைவு என்பது பழைய கதை. இப்போது கொழுப்பும் ஏறியிருக்கிறது. எனக்குக் கொஞ்சம், அக்காவுக்கு நிறைய.

"கறி, மீன் எதையுமே தொடறதில்லீங்களே டாக்டர். கொழுப்பு எங்கிருந்துங்க வருது?" என்றாள் அக்கா.

"தைராய்டு குறைஞ்சாலே ஏறும்மா. அதுக்கு மேல வர்க்கி, வடை, நெய். இதெல்லாம் சைவம்தானே?"

மாத்திரை விடிந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. டீ ஒரு மணி நேரம் கழித்து. கொள்ளு, பாசிப்பயறு, கீரை, ஓட்ஸ் நல்லது. முட்டைக்கோஸ் வேகவைத்தால் பயமில்லை. அயோடின் உப்பை மாற்றக் கூடாது. "சாப்பாடு மாத்திரைக்குத் துணைதான். மாத்திரைக்குப் பதில் கிடையாது" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா மருந்துச் சீட்டை நாலாக மடித்துப் பைக்கு அடியில் திணித்தாள்.

அக்டோபர் 12

ஜன்னலுக்கு வெளியே தேயிலைத் தோட்டம். உள்ளே டீ இல்லாமல் நான். கொடுமை.

அக்டோபர் 26, ஞாயிறு

ஜெகதளாவில் அக்கா வீடு. அவள் கணவர் சிவகுரு மாமா அவளைக் கோயம்புத்தூரில் ஏதோ இயற்கை உணவு முகாமுக்குக் கூட்டிப்போய் வந்திருக்கிறார். மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். காலையில் பச்சை முட்டைக்கோஸ் சாறு. சமையலுக்கு இந்துப்பு மட்டும்.

"டாக்டர் அவ்வளவு சொன்னாங்களே அக்கா!"

"சாகற வரைக்கும் மாத்திரை முழுங்குன்னு சொல்றாங்க அம்மிணி. இவிங்க சாப்பாட்டுலயே சரி பண்ணிக்கலாம்ங்கறாங்க. எனக்கு இதுதான் புடிச்சிருக்குது."

"உங்கக்கா எளைச்சிருக்கறா, பாரு" என்று மாமா சிரித்தார்.

நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நவம்பர் 15

போனில் அக்காவின் குரல் அடையாளமே தெரியவில்லை. கரகரவென்று இருந்தது. சளி என்றாள். பேசிக்கொண்டே இருந்தவள், எதைச் சொல்ல வந்தோம் என்று என்னிடமே கேட்டாள்.

நவம்பர் 30

மறுபடி ஜெகதளா. அக்காவின் முகம் ஊதிக் கிடக்கிறது. இமையெல்லாம் தடித்துவிட்டது. வெயிலிலும் இரண்டு ஸ்வெட்டர். சமையல் முழுக்க மகள் மனிஷாதான்.

"ஒரே ஒரு தடவை ரத்தம் பாத்துரலாமுங்க மாமா" என்றேன்.

"ஒடம்புல இருக்கற கழிவு வெளிய போகுது, அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க. நீ நடுவுல பூந்து கொழப்பாதே."

நாங்கள் சண்டை போடுவது கூடக் கேட்காமல் அக்கா உட்கார்ந்தபடியே தூங்கினாள். கிளம்பி வந்துவிட்டேன். என்ன பண்ணட்டும் நான்? கட்டி இழுத்துட்டா போக முடியும்?

டிசம்பர் 21

வெளியே புல்லெல்லாம் உறைபனி. விடியும்போது மனிஷா போன் செய்தாள். "சித்தி, அம்மா எந்திரிக்கவே மாட்டீங்கறாங்க. ஒடம்பு ஜில்லுன்னு இருக்குது."

குன்னூர் ஆஸ்பத்திரியிலிருந்து கோவைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் மலை இறங்கி முடியும்வரை அவள் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தேன். சூடே ஏறவில்லை. தைராய்டு சுரப்பு அடியோடு குறைந்து, இதயம் சோர்ந்துவிட்டதாம். இப்போது அதே மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள்.

டிசம்பர் 23

அக்கா போய்விட்டாள்.

ஜனவரி 4

"நாந்தானே கூட்டிட்டுப் போனேன்" என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். முகாம்காரர்கள் போனை எடுப்பதில்லையாம். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை — வெறுப்பா இது? தெரியவில்லை.

ஜனவரி 20

மாமா மனிஷாவை டாக்டர் ஜூடித்திடம் காட்ட வேண்டும் என்றார். என்னையும் துணைக்கு அழைத்தார். ரத்தம் பார்த்ததில், நினைத்தபடியே அவளுக்கும் தைராய்டு குறைவு.

டாக்டர் சொன்னதையெல்லாம் மாமா திரும்பத் திரும்பக் கேட்டார். "வெறும் வயித்துலீங்களா? தண்ணி மட்டுந்தானுங்களா?"

"எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்றாள் மனிஷா.

"அநேகமா எப்பவும்மா."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

மருந்துக்கடையில் அவர்தான் மாத்திரை வாங்கினார். மகளிடம் நீட்டினார். அவள் சாலையில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"நீயே குடு அம்மிணி."

கொடுத்தேன். என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.