பானை உடைத்த மருமகள்

சங்கரன்கோவில்
ஜனவரி 20

அன்பு மகள் எப்சிபாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை, உன் அண்ணன் பிரின்ஸின் தொடை ஒன்றைத் தவிர. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்த டப்ளின் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இது உன் அம்மாவைப் பற்றிய சமாச்சாரம், போனில் சொன்னால் பக்கத்திலேயே நின்று பாதியில் பிடுங்கிவிடுவாள், அதனால் நம் பாத்திரக்கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

பிரின்ஸ் சென்னையை விட்டுக் குடும்பத்தோடு இங்கே வந்த பிறகு இதுதான் முதல் கிறிஸ்துமஸ், முதல் பொங்கல். பேரன் அபிஷேக்குக்கு லீவு விட்டதிலிருந்து வீட்டில் யாரும் உட்காரவில்லை. காலை ரயிலில் தென்காசி போய் குற்றாலத்தில் குளித்தோம், குருவிகுளத்தில் உன் பெரியம்மா தோட்டத்துக்குப் போய்க் கடலைச்செடியைப் பிடுங்கித் தின்றோம், கறிச்சோறு, முறுக்கு, அதிரசம் என்று எல்லாரும் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டோம். ஆனால் உன் அண்ணி ஜெஸ்லின் மட்டும் எல்லாவற்றிலும் கொஞ்சம் ஒதுங்கியே நின்றாள். குற்றாலத்தில்கூட தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்று சொல்லி எங்கள் துணிப்பையைக் காவல் காத்தாள். கேட்டால் சிரிப்பாள், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள் பிரின்ஸ் கடைக்கு வந்து மெதுவாகச் சொன்னான், சென்னையில் அவளுடைய பழைய ஆபீஸில் திரும்ப வரச் சொல்கிறார்களாம், பொங்கல் முடிந்து பதில் சொல்ல வேண்டுமாம். "அம்மா தன்ன விருந்தாளி மாதிரி நடத்துதாங்கன்னு அவ நினைக்கிறாப்பா. வாங்க, உக்காருங்கன்னு பேசினா யாருக்குத்தான் ஒட்டும். அவ போணும்னா நானும் போகத்தான் வேணும்" என்றான். அன்று கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மாவிடம் ஆபீஸ் விஷயத்தைச் சொல்லாமல், ஏன் அந்தப் பிள்ளையை நீங்க வாங்க என்கிறாய் என்று மட்டும் கேட்டேன். "பெரிய ஆபீஸ்ல இருந்த பிள்ள, என் பேச்சு அவளுக்குக் கொச்சையா இருக்குமோன்னு பயந்து வருது" என்றாள். பட்டணத்துப் பிள்ளை மனசு கோணக் கூடாதென்று வாயைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள், பாவம்.

காணும் பொங்கலன்று நம் தெருவில் விளையாட்டுப் போட்டி. பரிசெல்லாம் வழக்கம்போல நம் கடைச் சாமான்கள்தான். பிரின்ஸ் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவன் என்று மகனிடம் நான்கு நாளாகப் பீற்றிக்கொண்டிருந்தான். பாடிக்கொண்டு போனவன் எதிர் அணி தொடுவதற்கு முன்னாலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மைக் பிடித்திருந்த பேச்சிராஜ், "பிரின்ஸ் அண்ணன் சென்னையில உக்காந்து உக்காந்து இங்கயும் உக்காந்துட்டாரு" என்று சொல்ல, தெருவே சிரித்தது. அபிஷேக்தான் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். அடுத்து பெண்களுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு பானை உடைக்கிற போட்டி. பக்கத்து வீட்டு மெஹர்பானு மாட்டேன் மாட்டேன் என்ற ஜெஸ்லினைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தன் துப்பட்டாவாலேயே கண்ணைக் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டாள்.

கூட்டம் முழுக்க ஆளுக்கொரு பக்கம் வழி சொன்னது. நொண்டிக்கொண்டு நின்ற உன் அண்ணன் வேண்டுமென்றே "நேரா போ, நேரா போ" என்று கத்தினான். அவளும் புருஷன் குரலை நம்பிக் கம்பை ஓங்கிக்கொண்டு மைக் செட்டுப் பக்கம் போய்விட்டாள். பேச்சிராஜ் மைக்கிலேயே "அக்கா, அது நானு, பானை இல்ல!" என்று அலறினான். அப்போதுதான் எனக்குப் பக்கத்தில் இருந்த உன் அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கத்தினாள் பார், "ஏட்டி ஜெஸ்லினு! அந்தப் பய பேச்சக் கேக்காதட்டி! பீச்சாங்கைப் பக்கம் திரும்பு! இன்னும் வா, வா, நில்லுட்டி! இப்பம் ஓங்கிப் போடு!" எப்சி, நான் பொய் சொல்லவில்லை, கடைவீதி வரைக்கும் கேட்டிருக்கும். அந்தப் பிள்ளை ஒரு நொடி நின்றாள். பிறகு வேறு யார் குரலையும் காதில் வாங்காமல் உன் அம்மா சொன்னபடியே திரும்பி, நடந்து, ஒரே போடு. பானை சுக்குநூறு, அதிலிருந்த மஞ்சள் தண்ணீர் முழுவதும் அவள் தலையில். கண்கட்டை அவிழ்த்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பை நாங்கள் இந்த வீட்டில் கேட்டதே இல்லை. உன் அம்மா ஓடிப்போய் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். பரிசு எவர்சில்வர் குடம், நம் கடையிலிருந்து போனது நம் வீட்டுக்கே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் உன் அம்மாவுக்குப் பழைய கூச்சம் வந்துவிட்டது. "வாங்க, இட்லி வச்சிருக்கேன்" என்றாள். ஜெஸ்லின் அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டாள். "நேத்து கூப்பிட்ட மாதிரி கூப்பிடுங்க அத்தை, அப்பதான் சாப்பிடுவேன்" என்றாள். உன் அம்மா என்னைப் பார்க்கிறாள், சுவரைப் பார்க்கிறாள், கடைசியில் தலையைக் குனிந்துகொண்டே "ஏட்டி, ஆறிப்போவுது, வந்து தின்னு" என்றாள். அன்று மதியம் ஜெஸ்லின் முற்றத்தில் நின்று சென்னைக்குப் போன் போட்டு, தான் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நான் பேப்பர் படிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டேன், ஒரு வரிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது உன் அம்மா வாய் திறந்தால் ஏட்டிதான்.

நீ நைட் டியூட்டி முடித்துப் பட்டினியாகப் படுக்காதே, மாப்பிள்ளையைக் குளிரில் காதை மூடிக்கொண்டு போகச் சொல். உங்கள் இருவரையும் கர்த்தர் சுகபெலத்தோடு காத்துக்கொள்வாராக. இதோடு வரும் பார்சலில் முறுக்கும் பருப்புப் பொடியும் இருக்கின்றன. டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாமல் மே மாதம் நீ ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவரச் சொன்னாள் உன் அம்மா. டப்பா விற்கிற கடைக்காரன் பெண்டாட்டிக்கு டப்பாவா முக்கியம், நீயே புரிந்துகொள்.

என்றும் உன் நினைவாக,
அப்பா
பெத்துராஜ்